தடைகளின் கணக்கை எழுதாதவர்கள் நாம்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பியின் மகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பின்னர், அந்நாட்டை விட்டு வெளியேறிய நிறுவனங்கள் எவை, வெளியேறுவதாகச் சொல்லிக் காலம் கடத்தியவை எவை, அசையாமல் இருந்தவை எவை என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொகுத்த பட்டியல் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை போலத் தரம் போட்டிருந்தார்கள்.

"பெரியப்பா, உங்களுக்குத் தடை போட்ட காலத்திலை ஆராவது இப்பிடி எழுதி வைச்சவையே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். பத்திரிகைத் தொழிலிலேயே தலை நரைத்த ஒருவன் சொல்லக் கூடாத பதில் அது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி, குவைத்தைக் கைப்பற்றிய ஈராக் மீது ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 661ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் பொருளாதாரத் தடை விதித்தது. அதைக் கண்காணிக்கத் தனியாக ஒரு குழுவும் அமைத்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, யாழ்ப்பாணக் குடாநாடு முடக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. எரிபொருள் நின்றது. இதைக் கண்காணிக்க எந்தக் குழுவும் இல்லை. பிறநாடு ஒன்று தண்டிக்கப்பட்டால் அது சர்வதேச விவகாரம். ஓர் அரசு தன் குடிமக்களையே தண்டித்தால் அது உள்நாட்டு நிர்வாகம். உலகத்தின் நியாயம் இவ்வளவுதான்.

கொழும்பில் இருந்தவர்கள் அப்போதும் ஒரு வாதம் வைத்தார்கள்; இப்போதும் வைக்கிறார்கள். "அரச அதிபர் பணியில் இருந்தார், ஆசிரியர்களுக்குச் சம்பளம் போனது, உணவுக் கப்பல் போனது, பிறகு எங்கே தடை?" என்பார்கள். சம்பளம் வந்தது உண்மை. கப்பல் வந்ததும் உண்மை. தடை விதித்த கையே நிவாரணமும் அனுப்பியது என்பதுதான் எங்கள் கதையின் விசித்திரம். ஆனால் மூட்டை அரிசி வந்தது என்பதற்காக, வராத சீமெந்தும் யூரியாவும் டீசலும் பற்றரியும் வந்ததாகிவிடுமா?

அந்நாட்களை அறியாத இளையோருக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரி போட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சவர்க்காரம் கிடைக்காத வீடுகளில் பனம்பழத்தால் துணி தோய்த்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். நாங்கள் கொப்பிக் கடதாசியில் பத்திரிகை அச்சிட்டோம். கோடு போட்ட தாளில் தலைப்புச் செய்தி!

இவற்றையெல்லாம் இன்று ஒன்றுகூடல்களில் சிரித்துச் சிரித்துச் சொல்கிறோம். எங்கள் கெட்டித்தனத்துக்குச் சான்றாகச் சொல்கிறோம். இதில்தான் எனக்குக் கோபம். ஜாம் போத்தல் விளக்கு நினைவில் நிற்கிறது. மண்ணெண்ணெய் ஒரு போத்தல் எந்த மாதம் என்ன விலை விற்றது, கொண்டுவர அனுமதி பெற்ற வியாபாரி யார், அனுமதிக்குப் பின்னால் கைமாறிய பணம் எவ்வளவு என்பது நினைவில் இல்லை. தடை என்பது பொருள் வராமல் தடுப்பது மட்டுமன்று. வரும் பொருளை ஒரு சிலர் கையில் ஒப்படைப்பதும் அதுதான். பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப் பத்திரம் ஒரு முதலீடாக மாறியது. மறுபுறத்தில் விடுதலைப் புலிகளும் பொருட்களுக்கு வரி அறவிட்டார்கள். குடாநாட்டை விட்டு வெளியேறுவதற்குப் 'பாஸ்' கேட்டார்கள். ஒரு பக்கத்தை எழுதி மறு பக்கத்தை மறைத்தால் அதற்குப் பெயர் கணக்கன்று, பிரசாரம்.

2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னிணைப்பை எத்தனை பேர் படித்தீர்கள்? வெடிபொருட்கள், முட்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி ஆகியவற்றோடு, பேனா விளக்குக்குப் போடும் சின்னப் பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருளாக அதில் இடம்பெற்றது. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பி ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தது. நோர்வேயின் அனுசரணையில் எழுதப்பட்ட சமாதானப் பத்திரத்தில் ஒரு பற்றரிக்கு இடம் இருந்தது என்றால், அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளை ஊகித்துக்கொள்ளலாம். அப்படிக் கிடைத்த தளர்வும் நிலைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. குடாநாடு மீண்டும் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

வெளியேறிய தொழில்களுக்கு வருவோம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. வடக்கின் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று. சீமெந்து செய்த மண்ணுக்கே பின்னர் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அங்கே உற்பத்தி இன்றுவரை மீளவில்லை. ஆனையிறவு உப்பளமும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. அங்கே உப்புத் தொழிற்சாலை திறக்க 2025 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. 2009இன் பின் திரும்பி வந்தவர்களோ வேறு. வங்கிகளும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் வரிசையில் வந்தன. வேலை தருபவன் போனான், கடன் தருபவன் வந்தான். யார் எப்போது போனார், யார் எப்போது எதற்காக வந்தார் என்று ஒரு பேரேடு நம்மிடம் இருந்திருந்தால், "வடக்கின் வசந்தம்" என்ற விளம்பரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கலாம்.

சரி, நாம் கேட்டுப் பெற்ற தடைகளையாவது பின்தொடர்ந்தோமா? மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010 ஓகஸ்டில் நிறுத்தியது. 2017 மேயில் திருப்பிக் கொடுத்தது. புலம்பெயர்ந்தோர் கைதட்டிய அந்த ஏழு ஆண்டுகளில், சலுகை போனதால் ஒரு தளபதியின் வீட்டில் விளக்கு அணைந்ததா? அடி முதலில் விழும் இடம் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் சம்பளம். தடையை அனுபவித்த நாமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மிருசுவில் நம் கண்முன்னால் இருக்கும் ஊர். 2000 டிசெம்பரில் அங்கே சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். 2015இல் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பொதுமன்னிப்பு வழங்கினார். 2021 டிசெம்பரில் அமெரிக்கா அவருக்குப் பயணத்தடை விதித்தது. 2023 ஜனவரியில் கனடா அவரையும், மன்னிப்பளித்த கோட்டாபயவையும், மகிந்தவையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா, மூன்று முன்னாள் தளபதிகளோடு கருணாவையும் சேர்த்தது. ஒவ்வொரு முறையும் நம்மவர் இனிப்புப் பரிமாறாத குறைதான். மறுநாள் என்ன நடந்தது? எந்தச் சொத்து முடக்கப்பட்டது என்று ஒட்டாவாவில் எந்தத் தமிழ் ஊடகம் தொடர்ந்து கேள்வி எழுப்பியது?

அறிவிப்பு ஒரு நாள் செய்தி. பட்டியல்கள் ஆட்சியோடு மாறுபவை. இலங்கை அரசு 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 நபர்களையும் தடைப்பட்டியலில் போட்டது. 2015இல் ஒரு பகுதியை எடுத்தது. 2021இல் மீண்டும் போட்டது. 2022இல் சிலரை மீண்டும் எடுத்தது. இந்தப் போக்குவரத்தை நாளும் திகதியுமாகக் குறித்து வைப்பவனே நாளை பேரம் பேசும் மேசையில் வாய் திறக்கத் தகுதியுள்ளவன். மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள்.

என்னிடமும் ஒரு கொப்பி இருந்தது. 1991 தொடக்கம் சந்தை விலைகளை, வராத பொருட்களை, கப்பல் வந்த நாட்களைக் குறித்து வந்தேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, ஊரே செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அரிசியையும் அம்மாவின் மருந்தையும் எடுத்தேன். கொப்பி மேசை இலாச்சியில் கிடந்தது. திரும்பி வந்தபோது மேசையே இல்லை. போனது விதி என்று பல காலம் ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அது பொய். வன்னியில் ஒரு மரத்தடியில் இருந்து நினைவிலிருந்து மறுபடி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. தொழில் தெரிந்த நானே எழுதவில்லை.

சங்கக்கடை முகாமையாளர்கள், கப்பல் சரக்கு இறக்கியவர்கள், அனுமதிப் பத்திரத்துக்கு வரிசையில் நின்ற வணிகர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். டொரொன்டோவிலும் பாரிஸிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பொருள், திகதி, விலை, அனுமதித்தவர், மறுத்தவர், இலாபம் கண்டவர் என்று ஆறு கேள்விகளோடு அவர்கள் எதிரில் போய் உட்காருங்கள். வீரக்கதை கேட்காதீர்கள், விலை கேளுங்கள்.

என் தம்பி மகன் விமானம் ஏறுவதற்கு முந்திய இரவு ஒரு புதிய கொப்பியை என் முன்னால் வைத்தான். "மண்ணெண்ணெயிலை இருந்து தொடங்குங்கோ பெரியப்பா" என்றான். தொடங்கியிருக்கிறேன்.