கல்லின் வயதைக் கேட்ட சிறுமி



கடந்த சனிக்கிழமை நம் மறைக்கல்வி மாணவர்கள் சிலரையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் வடபகுதியிலுள்ள ஃபிராங்ளின் என்னும் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு கனிம அருங்காட்சியகம் இருக்கிறது. "கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம், ஃபாதர்?" என்று புறப்படும்போது சிலர் கேட்டனர். திரும்பும்போது யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் அங்கே எழுந்த வேறொரு கேள்வி இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதைப் பற்றியே இப்பதிவு.

ஃபிராங்ளினும் அதன் பக்கத்து ஊரான ஆக்டன்ஸ்பர்க்கும் துத்தநாகச் சுரங்கங்களால் வாழ்ந்தவை. நம்மைப் போலவே பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள் பலர், ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து, அந்த இருட்டில் இறங்கி உழைத்தார்கள். ஃபிராங்ளின் சுரங்கம் 1954-இலும், ஆக்டன்ஸ்பர்க்கின் ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம் 1986-இலும் மூடப்பட்டன. இவ்விரு இடங்களிலும் 350-க்கும் மேற்பட்ட கனிம வகைகள் கிடைத்துள்ளன. இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் இத்தனை வகைகள் கிடைப்பது உலகிலேயே அரிது.

அருங்காட்சியகத்தில் ஓர் இருட்டறை உண்டு. விளக்கு எரியும்போது அங்கே இருப்பவை வெறும் சாம்பல் நிறக் கற்கள். விளக்கை அணைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சியதும், வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் செந்தணலாகவும் ஒளிர்கின்றன. இரண்டையும் ஒளிரச் செய்வது அவற்றில் சிறிதளவே கலந்துள்ள மாங்கனீசுதான். ஒரே மாங்கனீசு, அது குடியிருக்கும் கனிமத்துக்கு ஏற்ப வேறு நிறம் காட்டுகிறது. இதை ஒரு மறையுரைக்கு உவமையாக்கிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் எழுந்தது, அடக்கிக்கொண்டேன். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவே போதுமான செபமாக இருந்தது.

வெளியே வந்தபோது ஒரு சிறுமி, அந்தப் பாறைகளின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று அறிந்து தன் தாயிடம் கேட்டாள்: "அப்படின்னா ஆறு நாள்ல கடவுள் உலகத்தைப் படைச்சார்னு சொன்னது பொய்யா, அம்மா?" தாய் பதறினார். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. ஃபாதர் நிக்கிறார் பார்!" என்று அவள் வாயை அடைத்தார்.

அந்தத் தாயை நான் குறைகூற மாட்டேன். ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். நேரமாகிவிட்டது, அடுத்த பாடத்திற்குப் போக வேண்டும். "முதலில் விசுவசி, பிறகு எல்லாம் புரியும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவன் பின்னர் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தான். திருப்பலிக்கு வருவதை நிறுத்தினான். ஒருநாள் வழியில் சந்தித்தபோது மரியாதையோடு சொன்னான்: "ஃபாதர், உங்களிடம் பதில் இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது."

என்னிடம் பதில் இருந்தது என்பதுதான் என் குற்றம். குருமடத்தில் எங்களுக்குத் தொடக்க நூலைக் கற்பித்த பேராசிரியர் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பின் மனிதர் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பின்னரே விலங்குகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்தவர்கள் அந்த வேறுபாட்டை அறியாதவர்களா? அவர்கள் எழுதியது நிலவியல் நாட்குறிப்பு அன்று. படைத்தவர் யார், படைப்பு நல்லதா, மனிதன் எதற்காக என்பவற்றுக்கான விடையையே எழுதினார்கள். இதை நாங்கள் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். பின்னர் பீடத்தில் நின்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டோம். உங்கள் விசுவாசம் குழம்பிவிடுமோ என்ற அச்சம்; உண்மையில் அது உங்கள்மீது எங்களுக்கு இருந்த நம்பிக்கைக் குறைவு.

உலகம் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்னும் கணக்கு திருச்சபையின் விசுவாசக் கோட்பாடு அன்று. 1650-இல் படைப்பின் ஆண்டைக் கி.மு. 4004 என்று கணித்துப் புகழ்பெற்றவர் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் அஷர். நம் புனித அகுஸ்தினாரோ அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, இயற்கை பற்றி அறியாமல் பேசி விசுவாசத்தை நகைப்புக்கு உள்ளாக்காதீர்கள் என்று கிறிஸ்தவர்களை எச்சரித்தார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், திருப்பீட அறிவியல் கழகத்தாரிடம் பேசுகையில், கனிமங்களின் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கூறத் தயங்கவில்லை.

இன்னும் கேளுங்கள். கீழே கிடக்கும் பாறை அடுக்கு மேலே இருப்பதைவிட மூத்தது என்னும் அடிப்படை விதியை 1669-இல் வெளியிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன். அவர் பின்னர் குருவாகி, ஆயராகி, 1988-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். அந்த இருட்டறையில் சிவந்து ஒளிர்ந்த கால்சைட்டுக்கும் ஒரு குருவின் கதை உண்டு. ஏழை நெசவாளியின் மகனான பிரெஞ்சுக் குரு ரெனே ஜுஸ்ட் ஆயுயி கையில் இருந்த கால்சைட் படிகம் ஒன்று தவறி விழுந்து உடைந்தது. துண்டுகள் யாவும் ஒரே வடிவில் இருப்பதைக் கண்டு அவர் சிந்தித்தார். படிகவியல் என்னும் அறிவியல் துறை உருவாக அது வழிவகுத்தது. கல்லை உற்றுநோக்கியதால் இவர்கள் கடவுளை இழக்கவில்லை.

எனவே பெற்றோரே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். விடை தெரியாவிட்டால், "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆக வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு அறிவியலை ஊட்டுகிறோம். அதே அறிவியலைக் கோவில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால், அவர்கள் ஒருநாள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கடவுளையும் கல்லையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது திருச்சபை அன்று, நம் பயம்.

அந்தச் சிறுமியிடம் அன்று சொன்னேன்: "பொய் இல்லை, பாப்பா. அந்தக் கல் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று அறிவியல் சொல்கிறது. அது ஏன் இருக்கிறது என்று விவிலியம் சொல்கிறது." சற்று யோசித்துவிட்டு, "அப்போ கடவுளுக்கு ரொம்பப் பொறுமை" என்றாள். அருங்காட்சியகத்தின் பக்கத்திலுள்ள சுரங்கக் கழிவுக் குவியலில் தானே பொறுக்கிய கல்லொன்றை வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் முதல் திருப்பலிக்குப் பின் தொடக்க நூலின் முதல் இரு அதிகாரங்களை நாம் சேர்ந்து வாசிப்போம். பெரியவர்களும் வாருங்கள், கேள்விகளோடு வாருங்கள்.

அன்று நான் உட்கார வைத்த அந்தச் சிறுவன் இதைப் படிக்க நேர்ந்தால்: மகனே, உன் கேள்வி சரியானது. நான்தான் தவறினேன். மன்னித்துவிடு. வகுப்பில் உன் இருக்கை இன்னும் இருக்கிறது.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை