புதிய சோதனை வரட்டும். இருக்கும் சோதனையைச் செய்தோமா?

2018ஆம் ஆண்டு மலேசியாவில் பெரியவர்களிடையே நடந்த ஆய்வில், 15.5 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரியவந்தது. 2011இல் அது 9.1 விழுக்காடு. இதைவிடக் கவலை தரும் செய்தியும் அதே ஆய்வில் உண்டு: நோய் இருந்தவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே அதை அறிந்திருந்தனர்.

காரணம், தொடக்கத்தில் சிறுநீரகம் வலிப்பதில்லை. இரண்டு சிறுநீரகங்களிலும் ஏறத்தாழ 20 இலட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. சில பழுதானால், மற்றவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். கால் வீங்கி, களைப்பு வரும்போது பெரும்பகுதி பழுதாகியிருக்கும். பிறகு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ். ஜோர்ஜ்டவுனில் அப்படிச் சென்று வருபவர்களை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

நோயை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். அவற்றுள் ஒன்று ஆக்சிஜனேற்ற அழுத்தம். இரும்பு துருப்பிடிப்பது ஆக்சிஜனேற்றம் என்று படித்திருக்கிறோம். நம் உடலிலும் கட்டுமீறிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வின் கொழுப்பைத் தாக்குகின்றன. அப்போது உண்டாகும் மலோண்டைஆல்டிஹைடை இரத்தத்தில் அளக்கலாம். சிறுநீரக நோயாளிகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆனால், புகை பிடிப்பவரிடமும் நீரிழிவு உள்ளவரிடமும்கூட அது கூடும். எங்கோ தீ எரிகிறது என்று சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது.

சிறுநீரில் அல்புமின் சோதனை அப்படியல்ல. நலமான வடிப்பான் இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் வெளியே விடாது. நீரிழிவால் வடிப்பான் பழுதாகத் தொடங்கும்போது பலருக்கு முதலில் கசிவது இதுவே. காய்ச்சலாலும் கடும் உடற்பயிற்சியாலும் கசியலாம் என்பதால், மீண்டும் சோதித்தே உறுதி செய்வார்கள். இத்துடன் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தால், சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்றும் கணக்கிடலாம்.

புதிய ஆய்வுகள் தொடரட்டும். உங்களில் சிலரே நாளை அவற்றைச் செய்யலாம். ஆனால், இன்று நோய் தாமதமாகத் தெரியவருவதற்குக் கருவி இல்லாதது காரணமன்று; இருக்கும் சோதனையை நாம் செய்துகொள்ளாததே காரணம் என்பது என் கருத்து. முன்பே தெரிந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி நோயின் வேகத்தைக் குறைக்க முடியும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்காவது நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருக்கிறதா? இந்த ஆண்டு கிளினிக் கெசிஹாத்தானில் சிறுநீரில் அல்புமின் பார்த்தார்களா என்று இன்றே கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது நீங்களும் உடன் சென்று கேளுங்கள்.