எஸ்எம்பி பிறகு பாக்கலாம், முதலில் 9பி

செரனிட்டி, ரெடொக்ஸ் மாதிரியான சின்ன இயங்குதளங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தங்கட சொந்த நேரத்தில் கோட் எழுதுகிறவர்கள். இயங்குதளம் ஓரளவு எழும்பி நின்றதும் ஒரு கேள்வி வரும்: இன்னொரு கணினியில் இருக்கிற கோப்பை இங்கே எப்படித் திறப்பது?

எஸ்எம்பி எண்டுதான் பலர் உடனே சொல்வார்கள். விண்டோஸில் இருக்கு, வீட்டு நெட்வேர்க் சேமிப்புப் பெட்டியிலும் இருக்கு. நியாயம்தான், ஆனால் எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. 1980களில் ஐபிஎம்மில் பிறந்து, பிறகு மைக்ரோசொப்ட்டிடம் போய், பதிப்புக்கு மேல் பதிப்பாக வீங்கினது அது. 1992இல் தொடங்கிய சம்பா திட்டம் இன்றைக்கும் அதோடு மல்லுக்கட்டுகிறது. 2017இல் வன்னாக்ரை பரவியது எஸ்எம்பியின் முதலாம் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையால். அவ்வளவு பெரிய கம்பனிக்கே தவறிய இடத்தில் நாலு தன்னார்வலர்களை இறக்கிவிடுவதா?

1984இல் சன் கொண்டுவந்த என்எஃப்எஸ் பரவாயில்லை. சேர்வர் விழுந்து எழும்பினாலும் வேலை தொடரும். ஆனால் பழைய பதிப்புகளின் வழமையான அமைப்பில், "நான் இன்ன ஆள்" என்று கிளையன்ட் சொன்னால் சேர்வர் அப்படியே நம்பிவிடும்.

எங்கட தெரிவு பெல் லாப்ஸின் பிளான் 9 இலிருந்து வந்த 9பி. 9பி2000 பதிப்பில் மொத்தமே 13 வகைக் கோரிக்கைகள்: பாதையில் நட, திற, வாசி, எழுது, விடு என்கிற மாதிரி. ஒருத்தரே இருந்து எழுதி முடிக்கலாம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரிசு. சின்ன இயங்குதளம் ஒன்று அதிகம் ஓடுவது உண்மையான கணினியில் இல்லை, கியூஎமுவுக்குள்தான். அங்கே 9பி சேர்வர் ஏற்கனவே இருக்கு, கிளையன்ட் பக்கத்தை எழுதினால் போதும். செரனிட்டி தன் கர்னலுக்குள் அதைத்தான் சேர்த்தது. பகிடி என்னவென்றால், விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸின் கோப்புகளை எக்ஸ்புளோரரில் காட்ட 2019இல் மைக்ரோசொப்ட்டே எடுத்தது 9பியைத்தான்!

குறை இல்லாமல் இல்லை. இணைப்பு அறுந்தால் திறந்திருந்த கோப்புகளின் நிலையும் போய்விடும். தூரத்துச் சேர்வர் என்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் போய்வருகிற நேரம் உறைக்கும். மறையாக்கமும் கிடையாது, வெளியே கொண்டுபோவதென்றால் எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள்ளால்தான் விடவேணும். விண்டோஸ் பகிர்வு கட்டாயம் தேவைப்படுகிறவர், பழைய லினக்ஸ் மடிக்கணினி ஒன்றில் அதை மவுண்ட் பண்ணி, அங்கேயிருந்து 9பியாகக் கொடுக்கலாம். எஸ்எம்பியோடு மாரடிக்கிற வேலையைச் சம்பாவும் லினக்ஸும் ஏற்கனவே செய்துகொண்டுதானே இருக்குதுகள்.