சி.டி.4 இருந்தா டி செல்லா?

ரத்த வெள்ளணுக்களின் மேல்தோலில் இருக்கும் புரதங்களுக்கு சி.டி.3, சி.டி.19னு நம்பர் போட்டு வச்சிருக்காங்க இல்லையா, அதைப் பற்றி ஒரு சின்னப் புலம்பல்.

1975ல் கோலரும் மில்ஸ்டைனும் மோனோகுளோனல் ஆன்டிபாடி செய்யும் வழியைக் காட்டினார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஒரு பெயர். ஒரே புரதம் ஒருத்தருக்கு டி4, இன்னொருத்தருக்கு லியூ-3! 1982ல் பாரிஸில் கூடிப் பேசி பொது எண் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனா அந்த எண்ணையே குலம் கோத்திரம் சொல்லும் சான்றிதழா பிடிச்சுக்கிட்டோமே, அங்கதான் இடிக்குது.

சி.டி.4 இருந்தா உதவி டி செல்னு பாடம். மோனோசைட்டிலும் மங்கலா அது இருக்கே! (எச்.ஐ.வி.க்கு இது நல்லாவே தெரியும்.) சி.டி.5 டி செல்லோட அடையாளமாம். ஆனா சி.எல்.எல். என்கிற பி செல் புற்றில் சி.டி.19ம் சி.டி.5ம் ஒரே செல்லில் சேர்ந்திருப்பதுதான் முக்கியத் தடயமே.

லுக்கேமியாவில் இது விளையாட்டில்லை. பி வம்சமா, மைலாய்டு வம்சமா என்பதைப் பொறுத்து மருந்தே மாறும். 8, 21ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட மைலாய்டு வகையில் பி செல்லோட சி.டி.19 அடிக்கடி தலைகாட்டும். அதை மட்டும் பார்த்தா வைத்தியமே திசைமாறிடும். அதனாலதான் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பல மார்க்கர்களைச் சேர்த்துப் பார்க்கிறாங்க.

பாடப்புத்தக அட்டவணையில் மட்டும் இன்னும் எண்ணுக்கு ஒரு செல். 'இதிலும் உண்டு'ன்னு பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டா என்னவாம்?