நோகாத புண்

சரீரத்தில் எது நோகின்றதோ, எது அரிக்கின்றதோ, அதற்கே மனிதர் மருந்து தேடுவது வழக்கம். நோவுமின்றி அரிப்புமின்றி முகத்திலோ முழங்கையிலோ ஒரு சிறு பரு தோன்றி, மெல்லப் பெருத்து, நடுவே புண்ணாகி, மாதக்கணக்காக ஆறாதிருக்குமாயின் அதைப் பொருட்படுத்துவோர் சிலரே. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும், கந்தளாய்க் காட்டோரத்தில் விறகு வெட்டுபவரும் அதற்குச் சிறிது எண்ணெய் தடவிவிட்டுத் தத்தம் வேலைக்குப் போய்விடுவது இயல்பே. இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அத்தகைய புண்ணைப் பற்றியே.

அதற்குக் காரணம் லீஷ்மேனியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. நமது மாவட்டத்தை அடுத்துள்ள அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும், தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறையிலும் அது வேரூன்றியிருக்கின்றது. இலங்கையிலேயே தொற்றுண்ட முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கை 1992 இல் வெளிவந்தது. 2008 முதல் வைத்தியர்கள் சுகாதாரப் பகுதியினருக்கு அறிவித்தேயாக வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. இதைப் பரப்புவது மணல் ஈ. பெயரைக் கேட்டு நமது கடற்கரை மணலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதன் நிறத்தாலேயே அப்பெயர். நுளம்பினும் சிறியதான இது, ஈரமண்ணிலும் மாட்டுத்தொழுவத்து ஓரங்களிலும் பெருகி, அந்தியிலும் இரவிலும் கடிக்கும்.

கடித்ததும் நமது இரத்தத்திலுள்ள வெண்குழியங்கள் விரைந்து சென்று கிருமியை விழுங்குகின்றன. வேறு கிருமியாயின் கதை அத்துடன் முடிந்திருக்கும். லீஷ்மேனியாவோ விழுங்கப்படுவதையே விரும்புகின்றது! தின்குழியத்தின் வயிற்றுக்குள் அமிலத்தையும் பொருட்படுத்தாது குடியிருந்து, இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுகின்றது. காவற்காரன் வீட்டிலேயே கள்வன் குடியேறினால் ஊரார் எங்கே தேடுவர்?

தேடிக் காண்பவை ‘ரி’ குழியங்கள். நிணநீர்க் கணுக்களில் எதிரியை அடையாளம் அறிந்துகொண்டு தோலுக்கு வந்து, இன்ரபெரோன் காமா என்னும் பொருளைச் சுரந்து, உறங்கும் தின்குழியத்தை அவை உசுப்புகின்றன. உசுப்பப்பட்டது நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கி, தன்னுள் இருப்பதைக் கொல்கின்றது. இதற்கு மாதங்கள் செல்லும். நாம் காணும் புண்ணில் பெரும்பகுதி கிருமி அரித்த இடமன்று. இந்தப் போரில் சிதைந்த நமது சதையே.

அப்படியாயின் அரிப்பு ஏன் இல்லை? சொறிசிரங்கை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் மெல்லன்பி என்னும் அறிஞர், தாமாக முன்வந்தோரின் உடலில் சிரங்குப் பூச்சியை ஏற்றிப் பார்த்தார். முதன்முறை அரிப்புத் தொடங்க ஏறக்குறைய ஒரு மாதம் சென்றது. மறுமுறை ஒரே நாளில் தொடங்கிவிட்டது. அரிப்பது பூச்சியன்று, பூச்சியை அறிந்துகொண்ட சரீரமே! பூச்சிக்கும் புழுவுக்கும் சரீரம் ஏவும் படை ஒன்று, தின்குழியத்துள் ஒளியும் கிருமிக்கு ஏவும் படை வேறொன்று. முன்னையது லீஷ்மேனியாப் போரில் மேலோங்கினால் கிருமிக்கே வெற்றியென்பதைச் சுண்டெலிகளில் செய்த சோதனைகள் காட்டின.

விந்தை இன்னுமொன்று. 1903 இல் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சார்ள்ஸ் டொனவன் நோயாளிகளின் மண்ணீரலிற் கண்ட கிருமியும், இங்கே தோலில் இருப்பதும் ஒரே இனம். வட இந்தியாவில் அது காலா ஆசாராக உள்ளுறுப்புகளைத் தாக்கி, வைத்தியம் செய்யாவிடின் உயிரையும் கொள்ளும். இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. இங்குள்ள கிருமியின் பரம்பரை அலகுகள் சிறிது மாறுபட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அதனால் மட்டும் விடயம் விளங்கிவிடுமென்று நமக்குத் தோன்றவில்லை.

மத்திய கிழக்கில் வேறோர் இனத்தால் வரும் புண், ஒருமுறை ஆறினால் பெரும்பாலும் மீண்டும் வராது. இதனை அறிந்த அங்குள்ள தாய்மார் சிலர், பின்னாளில் முகத்தில் வடு விழாதிருக்கக் குழந்தையின் பிட்டத்தை மணல் ஈ கடிக்க விட்டனராம். நமது வாசகியர் அதனைப் பின்பற்ற வேண்டாம்!

ஆஸ்பத்திரியில் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். கிருமி தென்பட்டால் அந்திமனி கலந்த மருந்தைப் புண்ணிலேயே ஊசியால் ஏற்றுவர், அல்லது திரவ நைதரசனால் உறையவைப்பர். நோகாத புண்ணுக்கு நோகும் ஊசி. அதுவும் ஒன்றன்று, பல வாரங்களுக்கு. நாட்கூலி இழந்து மீண்டும் மீண்டும் வருவது எளிதன்று. ஆயினும் பரு மிளகளவாய் இருக்கையிலே வருபவருக்குச் சிறு தழும்பே எஞ்சும். ஐந்து ரூபாய்க் குற்றியளவு புண்ணோடு வருபவர் கன்னத்தில் அவ்வளவு பெரிய வடுவைச் சுமப்பர்.