முத்தைக் கண்ட பின்பே விற்றான்



இந்த வாரம் ஒரு சிறிய பொருளைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். அது விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட கார்டு பாக்கெட். அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ என்ற பெயரில் ஐ.பி.எல். வீரர்களின் கார்டுகளை நம் நாட்டுக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. பளபளக்கும் உறைக்குள் சில கார்டுகள் இருக்கும். யாருடைய படம் இருக்கிறது என்பது பிரிக்கும்வரை வாங்குகிறவருக்குத் தெரியாது. பெரும்பாலானவை எளிதில் கிடைப்பவை. சில வகைகள் மட்டும் வேண்டுமென்றே குறைவாக அச்சிடப்படுபவை. அந்த அரிதான கார்டின்மேல் உள்ள ஆசையே பாக்கெட்டை விற்கிறது.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கி, கட்டி, முழம்போட்டு விற்று வாழும் ஒரு தாய் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்தார். நோட்டுப் புத்தகம் வாங்க மகனிடம் அவர் கொடுத்த 500 ரூபாய், முழுவதும் இந்தப் பாக்கெட்டுகளாக வீடு திரும்பியிருந்தது. அவன் தேடிய கார்டு ஒன்றிலும் இல்லை. “ஐயா, இது சீட்டாட்டமும் இல்லை, லாட்டரியும் இல்லை என்கிறான். கொடுத்த காசுக்குப் பொருள் கையில் இருக்கிறதே, இதில் என்ன தப்பு என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை” என்றார்.

அந்தப் பிள்ளையின் கேள்வி நேர்மையானது. அதட்டி அடக்கினால் அவன் வாய் மூடுமே தவிர, மனம் தெளியாது. ஆகையால் அதற்கு நாம் நேர்மையாகவே பதில் தேடுவோம்.

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு முத்து வியாபாரியைக் குறித்துச் சொல்லுகிறார். அவன் தனக்குள்ள எல்லாவற்றையும் விற்றுவிடுகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடத் துணிச்சலான பந்தயம் வேறில்லை என்று தோன்றும். ஆனால் அந்த உவமையின் வரிசையைக் கவனியுங்கள். முதலாவது அவன் தேடினான். பின்பு கண்டான். அதன் விலை இன்னதென்று அறிந்தான். அதற்குப் பிறகே போய் விற்றான். நிலத்தில் புதைந்திருந்த பொக்கிஷத்தின் உவமையிலும் இதே வரிசைதான். பொக்கிஷம் மறைந்திருந்தது உண்மை. ஆனால் நிலத்தை வாங்கினவனுக்கு அது மறைவாயிருக்கவில்லை. கார்டு பாக்கெட் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் கொடு, பிறகு பார் என்கிறது. பார்த்தபின் மனம் உடைந்தால், மறுபடியும் கொடு என்கிறது.

அந்தப் பிள்ளைக்காகக் கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம்முடைய ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). ஒரு தொகுதியில் 100 வகைக் கார்டுகள் உண்டென்றும், எல்லா வகைகளும் சம அளவில் அச்சிடப்பட்டன என்றும் வைத்துக்கொள்வோம். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் ஒருவன் அந்தத் தொகுதியை முடிக்க, சராசரியாக ஏறக்குறைய 519 கார்டுகள் வாங்கவேண்டும். கடைசி ஒரே ஒரு கார்டுக்காக மட்டும் சராசரியாக 100 கார்டுகள் வாங்கவேண்டும். கார்டு ஒன்று 5 ரூபாய் என்றால், 500 ரூபாய் பெறுமானமுள்ள தொகுதிக்கு அவன் கொடுப்பது 2,595 ரூபாய். மீதமுள்ள 419 கார்டுகள் ஏற்கெனவே கையில் இருப்பவற்றின் நகல்கள். சில வகைகள் அரிதாக அச்சிடப்பட்டால் இந்தத் தொகை இன்னும் ஏறும். ஆகவே ஏமாற்றம் என்பது அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. அது பாக்கெட்டோடு சேர்த்தே அச்சிடப்பட்டது.

“ஆனாலும் ஒரு கார்டு கோடிக்கணக்கில் விலை போயிருக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். போனது உண்மைதான். டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று, 2022 ஆகஸ்டு மாதம் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 100 கோடி ரூபாய். ஆனால் அதே கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அந்த 1952 கார்டுகளில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை, 1960ஆம் ஆண்டளவில் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக அவற்றை உருவாக்கிய சை பெர்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கோடிகள் வருமென்று அன்று அவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட விலைகளைக் கேள்விப்பட்டு, 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அநேக அமெரிக்கக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாகக் கார்டுகளை வாங்கிச் சேமித்தன. நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சிட்டன. அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்கும் போவதில்லை. ஏலம் போன ஒரு கார்டின் செய்தி மதுரைவரை வந்து சேருகிறது. வீட்டுப் பரணில் மட்கும் பெட்டிகளின் செய்தி எங்கும் போவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1968இல் அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அன்றாடம் கூலி வாங்குகிறவர்கள் வீட்டுக்கு அரிசி வாங்கும் முன் சீட்டு வாங்கிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. பின்பு அதே ஆசை கைபேசிக்குள் குடியேறியது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. கால்பந்து வீடியோ விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் வீரர் பாக்கெட்டுகளைப் போன்றவற்றைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018இல் அறிவித்தது. நம் நாட்டுச் சட்டங்களோ, கடையில் தொங்கும் காகித உறையைக் குறித்து எழுதப்பட்டவை அல்ல. சட்டம் தொடாத இடத்தில் மனசாட்சிதான் காவல் நிற்கவேண்டும்.

நம்முடைய விவசாயிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்கக்கூடும். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் மானத்தைப் பார்த்து விதைக்கிறவர் என்ன உறுதியோடு விதைக்கிறார்? முகூர்த்த நாளில் ஏறும் மல்லிகை விலை மறுநாள் சரிவதில்லையா? அதுவும் துணிவுதானே? ஆம், துணிவுதான். ஆனால் விதைக்கிறவர் தம் உழைப்பை நிலத்துக்குக் கொடுக்கிறார். விளைந்தால் ஊரார் உண்கிறார்கள். அவர் பிழைப்பதற்கு இன்னொருவர் ஏமாறவேண்டியதில்லை. விதைத்தவர் தேவனுக்குக் காத்திருக்கிறார். பாக்கெட்டைப் பிரிக்கிறவன் அடுத்த பாக்கெட்டுக்குக் காத்திருக்கிறான்.

பணத்தைவிட ஆழமான இழப்பு ஒன்றும் இதில் உண்டு. உறையைப் பிரித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவன் கையில் ஐந்தாறு வீரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பல ஆண்டுகள் வெயிலில் ஓடி, காயப்பட்டு, நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடும் நிலைக்கு உயர்ந்தவர்கள். அவனோ அவர்களைப் புரட்டிப் புரட்டி, “இது தேறாது, இதுவும் தேறாது” என்று ஒதுக்குகிறான். கையில் இருப்பதை வெறுக்கவும், கையில் இல்லாததற்காக ஏங்கவும் அவன் கண்கள் பழகுகின்றன. இந்தப் பழக்கம் கார்டுகளோடு நிற்பதில்லை. நாளை அவன் தன் மதிப்பெண்ணையும், வேலையையும், வீட்டில் பரிமாறப்படும் உணவையும் இதே கண்ணோடு பார்ப்பான். போதுமென்கிற மனதைப் பவுல் அப்போஸ்தலன் மிகுந்த ஆதாயமாக எண்ணினார் (1 தீமோத்தேயு 6:6). நம் பிள்ளைகளிடமிருந்து திருடப்படுவது அந்த ஆதாயமே.

சிலுவையின் அடியில் போர்ச்சேவகர்கள் ஆண்டவருடைய தையலில்லாத அங்கிக்காகச் சீட்டுப் போட்டதை யோவான் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உலகத்தின் இரட்சகர் அவர்கள் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தார். விலையேறப்பெற்ற முத்து அத்தனை அருகில் இருந்தும், அவர்கள் கண்கள் சீட்டின்மேல் இருந்தன. தற்செயலான லாபத்தின்மேல் கண் வைக்கிறவனுக்கு நேரும் பெரிய நஷ்டம் இதுவே.

அப்படியானால் என்ன செய்வது? கார்டுகளைச் சேகரிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு வீரரைப் பிடித்திருந்தால், அந்த வீரரின் கார்டைக் கண்ணால் பார்த்து, விலை கேட்டு, அந்த ஒன்றை மட்டும் வாங்கட்டும். இரட்டையாய் இருப்பவற்றை ஓய்வுநாள் பள்ளி நண்பர்களோடு மாற்றிக்கொள்ளட்டும். அதில் காசும் மிச்சம், நட்பும் வளரும். பெற்றோரே, பிள்ளை ஏமாந்து நிற்கும் வேளையில் கைநீட்டாதிருங்கள். அந்த ஏமாற்றம் உண்மை பேசுகிறது; அதை அவன் கேட்கும்படி அவனருகே உட்காருங்கள். கெட்ட குமாரனுக்கும் கை வெறுமையானபோதுதான் புத்தி தெளிந்தது. தகப்பனுடைய வீடு நினைவுக்கு வந்தது. பெரியவர்களே, குலுக்கல் பரிசுக்கும், கைபேசியில் வரும் பங்குச்சந்தை ‘டிப்ஸ்’ செய்திக்கும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பாக்கெட்டை மட்டும் கண்டிக்க நம்மால் முடியாது. எதற்குக் கொடுத்தாலும், கண்ட பின்பு கொடுங்கள்.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். நம்முடைய தேவன் மூடிய உறைக்குள் ஆசீர்வாதத்தை மறைத்துவைத்து நம்மிடம் விலை கேட்கிறவர் அல்ல. தம்முடைய குமாரனை எல்லாரும் காண வெளியரங்கமாய்த் தந்து, விலையைத் தாமே செலுத்தினவர்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, எங்கள் கைகளில் நீர் வைத்தவற்றைக் காணும் கண்களைத் தாரும். எங்கள் பிள்ளைகளை வீணான ஆசையின் கண்ணிக்குத் தப்புவியும். உழைப்பில் மகிழ்ச்சியையும், போதுமென்கிற மனதையும் எங்கள் வீடுகளில் தங்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.