தண்ணீரில் மைலேஜ் கிடைக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பைக் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வேப்பம்பட்டில் வீட்டுக்கு வந்திருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. பெரியபாளையம் வழியாக பைக்கில் போய்வர தினமும் 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

"சார், ஹெச்.ஹெச்.ஓ. கிட்னு ஒண்ணு விக்கிறாங்க. தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்கு அனுப்புமாம். மைலேஜ் ஒண்ணரை மடங்கு ஆகுமாம். ஆறாயிரம் ரூபா. வாங்கலாமா சார்?"

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி அவனுடையது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், மாதம் 25 நாளைக்கு 4,000 ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடுகிறது. அந்த நிலைமையில் இருப்பவன் இதற்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், இன்ஜினியர் இல்லை. இதற்கு எட்டாம் வகுப்பு அறிவியலே போதும். டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா போட்டு, இரண்டு பக்கமும் சீவிய பென்சில்களை அதில் நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரி கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பென்சிலில் இரண்டு பங்கு ஹைட்ரஜன், இன்னொன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் குமிழ் குமிழாக வந்ததே, அந்த மின்னாற்பகுப்புதான் இந்தக் கிட். பென்சிலுக்குப் பதில் ஸ்டீல் தகடு, சோடாவுக்குப் பதில் பெரும்பாலும் காஸ்டிக் பொட்டாஷ்.

"கிட்டுக்கு கரண்ட் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன்.

"பேட்டரியிலேர்ந்து சார்."

"பேட்டரிக்கு?"

"இன்ஜின் ஓடினா சார்ஜ் ஆகும் சார்."

"இன்ஜின் எதுல ஓடுது?"

பையன் சிரித்துவிட்டான்.

100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் சுமார் 25 ரூபாய் அளவு சக்திதான் இன்ஜினைச் சுழற்றுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த 25-ஐ மின்சாரமாக்கும்போது ஏறக்குறைய பாதி போகும். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும்போது இன்னும் மூன்றில் ஒரு பங்காவது போகும். கடைசியில் கையில் நிற்பது 8 ரூபாய். நூறு கொடுத்து எட்டு வாங்கும் வியாபாரம் இது.

அளவையும் பாருங்கள். 5 ஆம்பியர் மின்சாரத்தில் ஒரு செல் நிமிடத்துக்கு 60 மில்லி வாயுகூடத் தராது. ஆறு செல்களை அடுக்கினாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர்தான். 100 சிசி இன்ஜின் 5,000 சுற்றில் ஓடினால் அதன் சிலிண்டர் நிமிடத்துக்கு 250 லிட்டர் அளவுக்கு இடம் திறக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

பெட்ரோல் முழுசாக எரிய ஹைட்ரஜன் உதவும் என்பார்கள். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் பெட்ரோல் ஏற்கெனவே அநேகமாக முழுவதும் எரிந்துவிடுகிறது. நஷ்டம் வெப்பத்தில்தான்.

ஹைட்ரஜன் பொய் என்று சொல்லவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவா குழுவினர் ஹைட்ரஜனில் ஓடும் மோட்டார் சைக்கிளே செய்தார்கள். டெல்லியில் 2020-ல் சி.என்.ஜி.யோடு ஹைட்ரஜன் கலந்து பேருந்துகளை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஹைட்ரஜன் வெளியே தயாரித்து நிரப்பப்பட்டது. ஓடும் வண்டியிலேயே தயாரித்து லாபம் பார்க்க முடியாது.

1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோல் என்று சொன்னபோது ஆசிரியர் அறையில் நாங்களே கைதட்டினோம். விஞ்ஞானிகள் முன் செய்து காட்டியபோது அது நிரூபணமாகவில்லை. அதே 1996-ல்தான் அமெரிக்காவின் ஒஹாயோ நீதிமன்றம், தண்ணீரில் ஓடும் கார் என்று முதலீடு வாங்கிய ஸ்டான்லி மேயர் மோசடி செய்தார் என்று தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அவர் கருவியில் நிபுணர்கள் கண்டது சாதாரண மின்னாற்பகுப்புதான்.

"மாட்டினவங்க மைலேஜ் கூடுதுன்னு சொல்றாங்களே சார்?" ஆறாயிரம் கொடுத்தவன் மெதுவாக ஓட்டுவான். மாட்டும்போதே மெக்கானிக் பிளக், ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்திருப்பார். உண்மை தெரிய டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். ஒரே சாலை, ஒரே வேகம். கிட்டை ஆன் செய்து இரண்டு வாரம், ஆஃப் செய்து இரண்டு வாரம்.

ஆபத்தும் உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு சிறு தீப்பொறிக்கே வெடிக்கும். அதைப் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகவேண்டுமா? காஸ்டிக் தெறித்தால் கண் போய்விடும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் கட்டுப்பாடும் இருக்கிறது.

காசு மிச்சமாக வேண்டுமானால் வாரம் ஒருமுறை டயர் காற்றுப் பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். 50-ஐத் தாண்டாமல் சீராக ஓட்டுங்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. அவன் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளிக்கு பஸ் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு இல்லையாம். அந்த பஸ்ஸில் இவனுக்கும் ஒரு சீட் கொடுத்தால் மாதம் 4,000 ரூபாயும் மிச்சம். எந்தக் கிட்டும் அதைத் தராது. கேட்க வேண்டியது அதைத்தான்.

என் பங்குக்கும் ஒரு குறை உண்டு. இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வாயுவுக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது என்று ஒருநாளும் கணக்குப் போடச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை இன்று முடித்துவிட்டேன்.

ஆறாயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்